கட்டைப்பை

கூட்டத்தில் கை தூக்கியது நான்தான்.
சுற்றுலாவுக்குப் போன் வேண்டாம் சார்,
மலையைப் பார்க்கட்டும் என்றேன்.
அப்படியானால் நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று
தலைமையாசிரியர் பேனாவை மூடினார்.

அப்படித்தான் என் மடிக்கு வந்தது
ஜவுளிக்கடைக் கட்டைப்பை.
உள்ளே நாற்பத்தொரு போன்.
ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி
வரிசை எண் எழுதியிருந்தேன்.
முப்பது மட்டும் இல்லை.
எனக்குக் கிடையாது மிஸ் என்றாள் மரகதவல்லி.
நம்பாமல் அவள் பையைத் துழாவினேன்.
ஒரு ஸ்வெட்டர், ஒரு புளிசாதப் பொட்டலம்,
இன்னொரு புளிசாதப் பொட்டலம்.

கோரிமேடு தாண்டும்வரை பை தூங்கியது.
அடிவாரச் செக்போஸ்ட்டில் விழித்தது.
முதல் வளைவில் ஒரு பக்திப் பாட்டு,
மூன்றில் குழந்தைச் சிரிப்பு,
ஏழில் எவனோ வைத்திருந்த குக்கர் விசில்.
சந்தைக்குப் போகும் கோழியை
மடியில் வைத்திருப்பதுபோல்
தொடையெல்லாம் துடிப்பு.
குரங்கு வந்தது, பள்ளத்தாக்கு வந்தது,
மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் வரிசை வந்தது.
முகமெல்லாம் என் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.
"அது என்னுது மிஸ்."
"இல்ல, என்னோடது."

லேடீஸ் சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
கீழே சேலத்தைத் தேடினார்கள்.
தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறதென்று
புளுகினான் மாதேஷ்.
காற்றில் இரு விரல் விரித்து
மலைச்சரிவைப் பெரிதாக்கினான் ரிஸ்வான்.
ஆகவில்லை.
சிரித்தேன்.
என் கையும் என் போனுக்காகக் கைப்பைக்குள்
போயிருந்தது அப்போதுதான் தெரிந்தது.
ஜிப்பை மூடினேன்.

இறங்கும்போது மணி ஆறு.
பதினான்காம் வளைவில் ஒரு மரம் சாலையில் படுத்திருந்தது.
டிரைவர் பீடிக்கு இறங்கிய வழியில்
மூடுபனி உள்ளே ஏறியது.
பை மொத்தமும் ஒரே நேரத்தில் அலறியது.

பத்தொன்பதை எடுத்தேன். திரையில் 'அம்மா செல்லம்'.
"வணக்கம்மா, கிளாஸ் டீச்சர் பேசறேன்..."
அவ்வளவுதான்.
"என் புள்ளைக்கு என்னங்க ஆச்சு?"
ஒன்றும் ஆகவில்லை என்று நான் சொல்லச் சொல்ல
ஏதோ ஆகிவிட்டதென்று உறுதியானது அவளுக்கு.
பிள்ளையின் போனில் ஆசிரியையின் குரல்
யாருக்கும் நல்ல செய்தி இல்லை.

அதன்பிறகு நான் பேசவில்லை.
எண்ணைக் கூவி ஆளுக்கொன்றாய் நீட்டினேன்.
நல்லா இருக்கேன்னு சொல்லிட்டுக் குடு.
சொன்னார்கள். கொடுக்கவில்லை.
இருட்டுப் பேருந்தில் நீலநீலமாய்
முகங்கள் ஏற்றி வைக்கப்பட்டன.

பை காலியான பிறகு மரகதவல்லி வந்தாள்.
உங்க போன் மிஸ், ஒரு நிமிஷம்.
பத்து எண்ணையும் வாய்ப்பாடுபோல் ஒப்பித்தாள்.
செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை,
முதலாளியின் "யாரு?",
பிறகு நெடுநேரம் மெஷின் சத்தம்.
வந்த அம்மாவிடம் அவள்
மரத்தைச் சொல்லவில்லை.
"மா, மேகம் பஸ்சுக்குள்ள ஏறி
கடைசி சீட்டு வரைக்கும் போயிருக்கு.
இரு, கேளு" என்று
என் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள்.
மேகத்தில் என்ன கேட்கும்?
நானும் காதை நீட்டினேன்.
தவளை. கீழே எங்கோ
ஒரு லாரி கியர் மாற்றுகிறது.

போனைத் துடைத்துக் கொடுத்துவிட்டு
இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தாள்.
"லேட்டானா தின்னுன்னு அம்மா கட்டிக் குடுத்துச்சு.
உங்களுக்கு மிஸ்?"
வாங்கிக்கொண்டேன். பசி.

திங்கட்கிழமை கூட்டத்தில்
அடுத்த வருஷம் போன் உண்டா, இல்லையா
என்று கேட்டுப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்கள்.
எழுதினேன்:
பையின் ஒரு பிடி அறுந்துவிட்டது.
சாப்பாடு இரண்டு வேளைக்குக் கட்டிவரச் சொல்லவும்.